வரும் மெயில் வருகிறது. போகும் மெயில் போகவில்லை!

வீட்டு இண்டர்நெட்டில் அடைபட்ட வாசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. லோக்கல் ரெயில் ஓடவில்லை.

மும்பை தாராவி 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கும் நெல்லைக்காரர் ஒருவர், சயான் ஸ்டேஷன் வரை நனைந்துகொண்டே போனார். நனைந்துகொண்டே திரும்பி வந்தார். மஸ்ஜித் பந்தரில் உள்ள கிளியரிங் ஏஜெண்டு ஆபீசில் அவர் கிளார்க். "வரமுடியாது என்றால் பரவாயில்லை, வீட்டில் இருந்தே வேலையைப் பார்" என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார்.

வேலை பெரிதல்ல. நவசேவா துறைமுகத்தில் ஒரு பார்ட்டியின் கண்டெய்னர் இறங்கி இருக்கிறது. அதற்கான செக்லிஸ்டு தயார். அதை பார்ட்டிக்கு மெயிலில் அனுப்பவேண்டும். அவர்கள் பார்த்து "சரி" என்று எழுதினால்தான் சுங்க இலாகாவில் பில் ஆப் எண்ட்ரி தாக்கல் செய்ய முடியும். தாமதம் ஆக ஆக டெமரேஜ் ஏறும்.

காலை 11 மணிக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினார். மெயில் போகவில்லை. அவுட்பாக்சில் அப்படியே நின்றது. 12 மணிக்கும் நின்றது. 1 மணிக்கும் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், வரவேண்டிய மெயில்கள் எல்லாம் வந்துகொண்டு இருந்தன. பார்ட்டியே இரண்டு மெயில் போட்டுவிட்டார். "செக்லிஸ்டு எங்கே?" என்று!

"பஹானா மத் கரோ"

சேட் போனில் வந்தார்.

"நெட் நஹீ ஹை க்யா?"

"நெட் ஹை சேட்ஜி. மெயில் நஹீ ஜா ரஹா."

"நெட் ஹை தோ மெயில் கைஸே நஹீ ஜாயேகா? பஹானா மத் கரோ!"

சாக்குச் சொல்லாதே என்பது சேட்டின் தீர்ப்பு. அரை நாள் சம்பளம் போனாலும் தாங்கிக்கொள்ளலாம். 9 வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவனை, மழையைக் காட்டி ஏமாற்றுகிறவன் என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சொந்த ஜிமெயிலில் இருந்து அனுப்பிவிடலாமே என்று கேட்கலாம். பார்ட்டி ஏற்றுக்கொள்ளமாட்டார். கம்பெனி முகவரியில் இருந்து வந்தால்தான் திறந்து பார்ப்பார். போலி மெயில் மோசடி மலிந்த காலத்தில் அது நியாயமான கட்டுப்பாடுதான்.

பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பையன் ஒருவன் இருக்கிறான். லேமிங்டன் ரோட்டில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. ரெயில் இல்லாததால் அவனும் வீட்டில்தான் இருந்தான்.

"மோடத்துல பச்சை லைட்டு எரியுதுல்லா அண்ணாச்சி?"

"எரியுது தம்பி. காலையில இருந்து 11 மெயில் வந்துட்டு. ஒண்ணுகூட போகமாட்டேங்கு."

"அப்பம் நெட்டு மேல குத்தம் இல்ல. ஒரு வாசல் மட்டும் அடைச்சிருக்கு. எந்த வாசல், யாரு அடைச்சாங்கன்னு பாத்திருவோம்."

வாசல் எண் என்பது என்ன?

இண்டர்நெட்டில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரிக்குள் எண் போட்ட வாசல்கள் உண்டு. இவற்றுக்கு "போர்ட்" என்று பெயர். 1 முதல் 65,535 வரை எண்கள் இருக்கின்றன.

பெரிய ஸ்டேஷனில் முன்பதிவுக்கு ஒரு கவுண்டர், சாதா டிக்கெட்டுக்கு ஒரு கவுண்டர், பார்சலுக்கு ஒரு கவுண்டர் என்று இருப்பதைப்போலத்தான் இது. பாங்கி, செய்தித்தாள், சினிமா என்று நாம் பார்க்கிற பக்கங்கள் அநேகமாக எல்லாமே 443-ம் எண் வாசலில் நடக்கின்றன. மெயிலை எடுத்துவர 993 அல்லது 995. மெயிலைக் கொண்டுபோய்க் கொடுக்க 25, 465, 587 ஆகியவை.

இங்கே பலரும் குழம்பும் விஷயம் ஒன்று உண்டு. "வெளியே போகும் போர்ட் அடைபட்டிருக்கிறது" என்றால், அந்த எண் நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் வாசல் எண் அல்ல. போய்ச் சேரவேண்டிய இடத்தின் வாசல் எண். பார்சல் மேல் எழுதிய கவுண்டர் எண்ணை வழியில் நிற்கும் காவலாளி படிக்கிறார். "இந்த எண்ணுக்குப் போகிற பார்சலை விடக்கூடாது என்று உத்தரவு" என்று நிறுத்திவிடுகிறார். மற்ற பார்சல்களை விட்டுவிடுகிறார்.

அதனால்தான் சினிமா ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, மெயில் மட்டும் போகவில்லை. நெட் இருக்கிறதா, இல்லையா என்று மட்டுமே கேட்கிற முதலாளிக்கு இது புரிவது கஷ்டம்தான்.

காவலாளி மூன்று இடங்களில் நிற்கலாம். நம் கம்ப்யூட்டருக்குள் நிற்கலாம். வீட்டு ரவுட்டரில் நிற்கலாம். அல்லது இண்டர்நெட் கம்பெனியின் வழியில் நிற்கலாம். யார் நிறுத்துகிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் சோதனை: செல்போன்

செலவில்லாத சோதனை இது. செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதே கம்ப்யூட்டரை அதில் இணைத்து, அதே வேலையைச் செய்து பார்க்கவேண்டும். வேலை நடந்தால், குற்றம் வீட்டு ரவுட்டரில் அல்லது வீட்டு இண்டர்நெட் கம்பெனியின் வழியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் மேல் குற்றம் இல்லை.

நெல்லைக்காரர் செய்து பார்த்தார். அப்போதும் மெயில் போகவில்லை! "கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சு போல" என்று இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

தம்பி அவசரப்படவில்லை. தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அதிலும் பார்த்தான். அதிலும் போகவில்லை. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நாளில், ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? போகாது. "ரெண்டு நெட்டு கம்பெனியும் அதே வாசல அடைச்சிருக்கலாம் அண்ணாச்சி" என்றான்.

இரண்டாவது சோதனை: கதவைத் தட்டுவது

மெயில் புரோகிராமின் "அக்கவுண்ட் செட்டிங்ஸ்" பகுதியைத் திறந்தார்கள். மெயில் எடுக்கும் போர்ட் 995. அனுப்பும் போர்ட் 25. பல வருடத்துக்கு முன்பு ஆபீசில் யாரோ போட்டுக்கொடுத்தது. அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

வாசல் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க, விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே வசதி இருக்கிறது. "பவர்ஷெல்" என்ற கறுப்பு அல்லது நீல நிற ஜன்னலைத் திறந்து, ஆங்கில எழுத்தில் "டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்" என்று அடிக்கவேண்டும். ஒரு இடைவெளி விட்டு மெயில் சர்வரின் பெயர். மறுபடியும் இடைவெளி விட்டு "-போர்ட்" என்ற சொல், அதன்பிறகு எண். கடைசி வரியில் "ட்ரூ" என்று வந்தால் வாசல் திறந்திருக்கிறது. "பால்ஸ்" என்று வந்தால் இணைப்பு கிடைக்கவில்லை.

"டெல்நெட்" என்ற பழைய கட்டளையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் 2007-ல் வந்த விஸ்டாவில் இருந்து அது விண்டோசில் தானாக வருவதில்லை. கண்ட்ரோல் பேனலில் போய் சேர்த்துக்கொள்ளவேண்டும். லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு "என்.சி." என்ற கட்டளை இருக்கிறது.

இருவரும் ஆபீஸ் மெயில் சர்வரை மூன்று முறை தட்டினார்கள்.

995: ட்ரூ.

25: பால்ஸ்.

587: ட்ரூ.

995 திறந்ததால், சர்வர் உயிரோடு இருக்கிறது, பாதையும் சரியாக இருக்கிறது என்று தெரிந்தது. ஒரு எண்ணை மட்டும் தட்டிவிட்டு முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். பிறகு சம்பந்தம் இல்லாத வேறொரு பெரிய கம்பெனியின் மெயில் சர்வரில் 25-ஐத் தட்டினார்கள். அங்கேயும் பால்ஸ். ஆகவே ஆபீஸ் சர்வர் மேலும் குற்றம் இல்லை. வழியில்தான் தடை.

பதில் சொல்லும் விதம்

தட்டும்போது கிடைக்கும் பதிலையும் கவனிக்கவேண்டும்.

உடனே இணைந்தால் வாசல் திறந்திருக்கிறது. அங்கே ஆளும் இருக்கிறார்.

உடனடியாக "ரெப்யூஸ்டு" என்று மறுப்பு வந்தால், பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டர் வரை போய்ச் சேர்ந்துவிட்டோம், அந்தக் கவுண்டரில் ஆள் இல்லை என்று பொருள். போர்ட் எண் தவறாக இருக்கலாம், அல்லது சர்வரில் அந்தச் சேவை நின்றுபோயிருக்கலாம்.

ஒரு பதிலும் வராமல், வெகு நேரம் காத்திருந்து "டைம் அவுட்" என்று வந்தால், வழியில் யாரோ சத்தம் இல்லாமல் பார்சலை வாங்கி வைத்துக்கொள்கிறார். அடைபட்ட போர்ட்டுக்கு அநேகமாக இதுதான் அடையாளம். நெல்லைக்காரருக்கு 25-ல் வந்ததும் இந்த மவுனம்தான்.

25-ஐ ஏன் அடைத்தார்கள்?

மெயில் அனுப்பும் முறைக்கு 1982-ல் ஜான் போஸ்டல் விதி எழுதினார். அதில் உள்ள வாசல் எண்தான் 25. அப்போது இண்டர்நெட்டில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். மெயிலைக் கொண்டுவந்து கொடுப்பவர் யார் என்று கேட்கிற வழக்கம் இல்லை.

பின்னால் அதுவே வினையாகப் போய்விட்டது. வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள், சொந்தக்காரருக்கே தெரியாமல், 25-ம் வாசல் வழியாக ஆயிரக்கணக்கில் குப்பை மெயில்களை அனுப்ப ஆரம்பித்தன. அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் இண்டர்நெட் கம்பெனியின் முகவரிகளை மற்ற மெயில் சர்வர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்த்தன. ஒருவர் வீட்டு வைரசுக்காக ஊரார் மெயில் எல்லாம் திரும்பி வந்தது.

ஆகவே உலகம் முழுவதும் பல இண்டர்நெட் கம்பெனிகள் வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்துவிட்டன. வாடிக்கையாளர்களுக்கு என்று 587-ம் வாசல் 1998 டிசம்பரிலேயே ஒதுக்கப்பட்டு இருந்தது. அங்கே பெயர், பாஸ்வேர்டு சொன்னால்தான் மெயிலை வாங்கிக்கொள்வார்கள். குப்பை அனுப்பினால் யார் என்று பிடித்துவிடலாம்.

தபால் இலாகாவை எண்ணிப் பார்த்தால் எளிதாக விளங்கும். ஆபீசுக்கு ஆபீஸ் தபால் மூட்டைகள் மாறுகிற பின்வாசல் 25. பொதுமக்கள் வந்து கொடுக்கிற கவுண்டர் 587. நெல்லைக்காரரின் கம்ப்யூட்டர் இத்தனை வருடமாகப் பின்வாசலில் போய் நின்றிருக்கிறது. ஆபீசில் இருப்பது வியாபார இணைப்பு. அங்கே அந்த வாசல் திறந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வேறு சில வாசல்களும் இப்படி ஆபத்து வந்தபிறகு அடைக்கப்பட்டவைதான். 2003 ஜனவரி 25-ந் தேதி "ஸ்லாம்மர்" என்ற புழு 1434-ம் வாசல் வழியாகப் பரவி, சில நிமிடங்களில் உலகம் எங்கும் இண்டர்நெட்டை முடக்கியது. 2017 மே மாதம் "வானாகிரை" 445 வழியாகப் பரவி, கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்டது.

587 திறந்தது

தம்பி சொன்னபடி, நெல்லைக்காரர் ஆபீஸ் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் செய்தார். "587 எப்போதோ திறந்துதான் இருக்கிறது. யாரும் பயன்படுத்தவில்லை" என்று அவர் சொன்னார்.

மாற்றவேண்டியவை மூன்றே மூன்று. அனுப்பும் போர்ட் 25 என்பதை 587 ஆக்கவேண்டும். பாதுகாப்பு முறை என்ற இடத்தில் "ஸ்டார்ட் டி.எல்.எஸ்." என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். "அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்டு தேவை" என்ற கட்டத்தில் டிக் போடவேண்டும். மூன்றாவதை மறந்தால் வாசல் திறந்திருந்தும் உள்ளே விடமாட்டார்கள். சில சர்வர்களில் 587-க்குப் பதில் 465 இருக்கும். அதற்கு "எஸ்.எஸ்.எல்." அல்லது "டி.எல்.எஸ்." என்று போடவேண்டும்.

பிற்பகல் 2-40 மணி. அவுட்பாக்சில் 3½ மணி நேரமாக நின்ற செக்லிஸ்டு புறப்பட்டுப் போனது. 20 நிமிடத்தில் பார்ட்டியிடம் இருந்து "சரி" வந்தது. பில் ஆப் எண்ட்ரி அன்றே தாக்கல் ஆனது.

வீட்டுக்குள்ளேயே பூட்டு

எல்லோருக்கும் தடை கம்பெனி வழியில்தான் இருக்கும் என்று சொல்லமுடியாது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை நடந்து, வீட்டு வைபையில் நடக்கவில்லை என்றால் ரவுட்டரையும் பார்க்கவேண்டும்.

அதன் உள்பக்கம் சாதாரணமாக 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில் திறக்கும். பாஸ்வேர்டு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். "பயர்வால்" பகுதியில் "ஹை" என்று இருந்தால், சில ரவுட்டர்கள் நாலைந்து வாசல்களைத் தவிர மற்றவற்றை அடைத்துவிடும். பிள்ளைகளுக்காகப் போட்ட "பேரண்டல் கண்ட்ரோல்" கூட அப்பாவின் ஆபீஸ் வேலையைத் தடுக்கும்.

ஊசித் துவாரத்தில் உள்ள ரீசெட் பொத்தானை மட்டும் குத்திவிடக்கூடாது. கம்பெனி ஆள் போட்டுவைத்த பெயர், பாஸ்வேர்டு அழிந்துபோய், இருக்கிற நெட்டும் போய்விடலாம்.

ஹாட்ஸ்பாட்டிலும் நடக்கவில்லை, ஆனால் வேறு கம்ப்யூட்டரில் நடக்கிறது என்றால் குற்றம் நம் கம்ப்யூட்டரில். விண்டோஸ் பயர்வால் வெளியே போவதை வழக்கமாகத் தடுப்பதில்லை. ஆனால் தனியாக வாங்கிப் போட்ட ஆண்டிவைரஸ் தடுக்கலாம். இரண்டு நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் போட்டுவிடவேண்டும். அணைத்தபடியே விட்டுவிட்டால், வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போனமாதிரி.

வி.பி.என். தகராறு

வீட்டில் இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைய "வி.பி.என்." பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இதில் ஒரு சிக்கல். பல வி.பி.என்.கள் "யு.டி.பி." என்ற முறையில் ஓடுகின்றன. மேலே சொன்ன தட்டும் சோதனை "டி.சி.பி." முறைக்கு மட்டும்தான். யு.டி.பி. வாசலைத் தட்டினால், திறந்திருந்தாலும் பதில் வராமல் போகலாம். இவர்களுக்கு ஹாட்ஸ்பாட்டில் மாற்றிப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

அதில் நடந்து வீட்டில் நடக்கவில்லை என்றால், ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவிடம், "443-ல் டி.சி.பி. முறையில் இணைப்புத் தரமுடியுமா?" என்று கேட்கவேண்டும். 443-ஐ அடைத்தால் இண்டர்நெட்டே நின்றுவிடும் என்பதால் அதை அடைப்பது அபூர்வம்.

பெயர் தெரியாத இலவச வி.பி.என். எதையாவது இறக்கிப் போட்டு தடையைத் தாண்டுவது மட்டும் கூடாது. ஆபீஸ் காகிதங்களை முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்து அனுப்புவதற்குச் சமம் அது.

ஊரில் உள்ள வீட்டு கேமராவை மும்பையில் இருந்து பார்க்கமுடியவில்லை என்பது வேறு வியாதி. அது உள்ளே வரும் வாசல் சம்பந்தப்பட்டது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கம்பெனி கொடுத்திருந்தால் அப்படி ஆகும்.

கம்பெனியிடம் கேட்பது எப்படி?

"நெட் வேலை செய்யவில்லை" என்று போன் செய்தால், "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேட்கவேண்டும். "அவுட்கோயிங் போர்ட் பச்சீஸ் பந்த் ஹை க்யா?" என்று எண்ணைச் சொல்லிக் கேட்டால், விவரம் தெரிந்தவரிடம் இணைப்பு போகும்.

கையில் ஒரு சீட்டு இருக்கட்டும். தேதி, நேரம், எந்த சர்வர், எந்த எண், என்ன பதில், ஹாட்ஸ்பாட்டில் என்ன பதில் என்ற ஆறு விவரங்கள் போதும். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளவேண்டும். முடிவு திருப்தி இல்லை என்றால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக 2012-ம் ஆண்டு டிராய் விதிமுறைகளில் வழி இருக்கிறது.

ஆனால் 25-ஐ வீட்டு இணைப்பில் திறந்துவிடுங்கள் என்று சண்டை போடுவதில் பலன் குறைவு. பாதுகாப்புக்காக அடைத்தது அது. 587 இருக்கும்போது அது நமக்குத் தேவையும் இல்லை.

வெட்டி வைத்துக்கொள்ள

443: இணையப் பக்கங்கள், பாங்கி வேலை.
993, 995: மெயில் எடுத்து வருவது.
587, 465: மெயில் அனுப்புவது.
25: மெயில் சர்வர்கள் தமக்குள் மாற்றிக்கொள்வது.
500, 4500 (யு.டி.பி.): ஐ.பி.செக் வி.பி.என்.
1194 (யு.டி.பி.): ஓப்பன் வி.பி.என்.
3389: தூரத்துக் கம்ப்யூட்டரின் திரையை இங்கே பார்ப்பது.
5060: இண்டர்நெட் டெலிபோன்.

மறுநாள்

மறுநாள் ரெயில் ஓடியது. நெல்லைக்காரர் ஆபீசுக்குப் போனதும் சேட்டின் மேஜை மேல் அந்தச் சீட்டை வைத்தார். 995 ட்ரூ, 25 பால்ஸ், 587 ட்ரூ. நேரம் போட்டு எழுதியிருந்தது.

சேட் அதை இரண்டு முறை படித்தார். மெயில் சர்வர்காரருக்குப் போன் போட்டு, நேற்று நடந்ததைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இதை மாற்றிவிடு. அடுத்த மழைக்கு முன்னால் மாற்றிவிடு" என்றார். மன்னிப்பு என்ற பேச்சு இல்லை. மாதக் கடைசியில் சம்பளக் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்தார். அரை நாள் பிடித்தம் இல்லை.

ஆபீசில் மொத்தம் 6 கம்ப்யூட்டர். ஆறிலும் 25 என்றுதான் இருந்தது. இப்போது ஆறிலும் 587.